அக்சா கை தட்டிய பாட்டுகள்

என் சத்தக்கார அண்ணனுக்கு,

உன் தங்கச்சி பாப்பா எழுதுகிறேன். எதிர் வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிவிட்டார்கள். நம் ஸ்டார் இன்னும் பரண் மேல்தான் கிடக்கிறது. ஸ்டார் ஏறிவிட்டால் அந்த வருடத்து ஆல்பங்களின் வரிசையைச் சொல்லியாக வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். போன கிறிஸ்துமஸுக்கு வரிசையே போடவில்லை, யாருக்கும் மனசில்லை. இந்த வருடம் என்னிடம் தயாராக இருந்தது, அண்ணா. நவம்பர் மழை வரைக்கும் தயாராக இருந்தது. இப்போது அந்த வரிசையை நானே நம்பவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மருமகள் அக்சாவுக்குக் காது கேட்கிறதா, இல்லையா? இந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. பேசாத நேரத்தில் இதுதான் நினைப்பு. இப்போதும் அவள் பக்கத்தில்தான் தூங்குகிறாள். ஒரு ஸ்பூனைக் கீழே போட்டுப் பார்க்கலாமா என்று கை துடிக்கிறது. போடாமல் இருப்பதற்காகத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

அவளை நீ பார்த்ததில்லை. நீ போனபோது என் வயிற்றில் இருந்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக் கம்பெனியிலிருந்து கடம்பத்தூர் வீட்டுக்கு வந்தவன், உன் பாஸ் பாக்ஸை, அந்தப் பெரிய ஸ்பீக்கரை, என் நாற்காலிப் பக்கத்தில் இழுத்து வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "உள்ள இருக்கும்போதே கேட்டுக்கட்டும். வெளிய வந்தா வரிசைக்கு மூணாவது ஓட்டு" என்றாய். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "எப்பா டேய், புள்ள காது போய்டப் போவுது, சத்தத்தக் கொறடா!"

அம்மா சொன்ன அந்த வார்த்தையை இந்த மழையில் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன், உனக்குத் தெரியுமா?

நம் வரிசையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அக்சா பெரியவளானதும் இதைப் படிப்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். ஒரு வருடத்தில் வந்த ஆல்பங்களில் பிடித்தவற்றை நீயும் நானும் தனித்தனியாக வரிசைப்படுத்துவோம். சினிமாவோ, தனி ஆல்பமோ, எதுவானாலும் சரி. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றைக்கூடத் தாண்டாமல் கேட்டிருக்க வேண்டும். ஆல்பத்தின் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, நாம் வைக்கும் பட்டப்பெயர்தான். இரண்டு பேரின் முதல் இடமும் வேறு வேறாக இருந்தால் யார் தோற்றது, கிறிஸ்துமஸ் பலகாரத்தில் கருகின கல்கல் யாருக்கு என்று செல்வி அண்ணி தீர்ப்பு சொல்வார். பெரும்பாலும் உனக்குத்தான் விழும். நீ சிரித்துக்கொண்டே கடிப்பாய்.

பாக்ஸ் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. நீ போன பிறகு கடம்பத்தூர் வீட்டில் ரேடியோகூடப் பாடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஷிஃப்ட் முடிந்து பைபாஸைக் கடக்கும்போது லாரி. ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்தேன் என்று டிரைவர் அழுதானாம். அதற்குப் பிறகு ஊரே ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. "காதுல பாட்டு மாட்டிக்கினு போயிருக்கான்." அம்மா அதை நம்பினார். நானும் நம்பினேன். பாக்ஸை அம்மா பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கப்போனார். அண்ணிதான் ஆட்டோவில் ஏற்றித் திருவள்ளூருக்கு அனுப்பிவைத்தார். "நீயே வெச்சிக்க எஸ்தரு. எனக்கு அத்தப் பாக்க முடியல."

அப்படி வந்ததுதான் எங்கள் ஹாலில், வெறும் தரையில், டிவி பக்கத்தில் நிற்கிறது. காக்களூர் மரக்கடைப் பலகையில் நீயே அடித்துச் சேர்த்த பாக்ஸ். அக்சா முதன்முதலாக எழுந்து நின்றது அதைப் பிடித்துக்கொண்டுதான்.

சரி, வரிசைக்கு வருகிறேன். நவம்பர் வரை நான் வைத்திருந்த வரிசை. நீ சொல்வது போலக் கீழிருந்து மேலே.

அடியில் 'மாவு மிஷின்'. பொங்கல் கழிந்து வந்த ஒரு பேய்ப் படத்தின் பாட்டுகள். எல்லாப் பாட்டுக்கும் அடியில் கரகரவென்று ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். நீ இருந்தால் முதல் பாட்டிலேயே டீ போட எழுந்திருப்பாய். ஆனால் அப்போது உட்காரப் பழகிக்கொண்டிருந்த அக்சா இதற்குத்தான் முதல் தடவையாக உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினாள். அதற்காகவே சேர்த்தேன்.

அதற்கு மேலே 'பேண்டு செட்'. எண்ணூர்ப் பக்கத்துப் பசங்க கானாவையும் கல்யாண பேண்டையும் கலந்து தாங்களாகவே போட்ட ஆல்பம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பேண்டு என்று ஒரு பாட்டு வரும், கேட்டால் அழுவதா ஆடுவதா என்று தெரியாது. அக்சா ஆடினாள்.

உச்சியில் 'தண்டவாளம்'. பெரிய ஹீரோ படம். கடம்பத்தூரில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி தரை அதிரும் பறையும் டிரம்ஸும். அந்த முதல் அடி விழுந்ததும் அக்சா எங்கே இருந்தாலும் திரும்புவாள், தவழ்ந்து வந்து பாக்ஸைப் பிடிப்பாள், கை தட்டுவாள். உன் மாப்பிள்ளை அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். "மாமன் புத்தி அப்டியே ஒட்டிக்கினு வந்திருக்குது" என்று பதில் வந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது ஓட்டு வந்துவிட்டது, அண்ணா. நீ சொன்ன மாதிரியே.

வரிசையில் சேராத ஒன்று உண்டு. 'ஈரத் துணி'. ஒரு பெண் தனியாகப் பாடியது. கூடவே ஒரு வயலின், வேறெதுவும் இல்லை. மூச்சு எடுக்கும் சத்தம்கூட விழும். மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன், அதனால் அந்தப் பெயர். இரண்டாவது பாட்டில் கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். கீழே வந்து உன் பாக்ஸில் போட்டேன். அக்சா முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு துணிக் கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். முழு ஆல்பமும் ஓடி முடிந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

'ஜட்ஜுக்குப் பிடிக்கல' என்று சிரித்துக்கொண்டே அதை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் காதில் ஒரு சின்னக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். அழுதுகொண்டே இருந்ததால் சரியாக வரவில்லை, பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். போக வேண்டும் போக வேண்டும் என்றுதான் இருந்தது. பிறகு எதற்குப் போவது? பாட்டு போட்டால் திரும்புகிறாளே. வேறொரு வீடாக இருந்தால் அந்த வீட்டுக் குழந்தையை என்றைக்கோ கொண்டுபோய்க் காட்டியிருப்பார்கள். உன் பாக்ஸ் இல்லாத வீடாக இருந்தால்.

முதலில் பேச்சை எடுத்தது அண்ணிதான். இப்போது காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார், ஞாயிறு தோறும் வந்துவிடுவார். ஒருநாள் அக்சாவை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"எஸ்தரு, இவ பேரு சொல்லி கூப்ட்டா திரும்ப மாட்டேன்றா."

"வெளையாட்டு மும்முரம், அண்ணி."

"நான் பேசசொல்ல என் வாயையே பாக்கறா. கண்ணப் பாக்கல. வாய."

"சோறு ஊட்டறீங்க, வாயப் பாக்காம?"

"ஒன்றர வயசு ஆவப்போவுது. அம்மான்னு ஒரு வார்த்த வருதா?"

அது எனக்குச் சுருக்கென்றது. "எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா பேசும்? இங்க பாருங்க" என்று எழுந்துபோய்த் 'தண்டவாளம்' போட்டேன். முதல் அடி விழுந்தது. அக்சா அண்ணி மடியிலிருந்து நழுவித் தரையில் இறங்கினாள், பாக்ஸைப் பார்த்துத் தத்தி நடந்தாள், உட்கார்ந்து கை தட்டினாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி.

அண்ணி எழுந்து வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்சாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் போனார். அக்சாவின் கை நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை, அண்ணா. கை மட்டும் நின்றுவிட்டது. கொண்டுவந்து தரையில் விட்டார், தட்டினாள். தூக்கினார், நின்றது. பாக்ஸையே பார்த்துக்கொண்டு, பாட்டு எங்கே போனது என்பது போல முழித்தாள்.

"தரை ஆடுது, எஸ்தரு. அதுக்குத்தான் தட்டறா."

அண்ணியை வெளியே போகச் சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவர் போகவில்லை. அக்சாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். மழை கொட்டுவது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேட்காதே. அவள் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு குக்கர் மூடியைத் தட்டினேன். ஜன்னலுக்கு வெளியே போய்க் கூப்பிட்டேன். பட்டாசு மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். உன் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "போதும் எஸ்தர், கொயந்த நம்மளப் பாத்து பயந்துக்கினு இருக்குது" என்றார். உண்மைதான். சத்தத்துக்குப் பயப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்தாள்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு நாள் கொடுத்தார்கள். குழந்தை தூங்கினால்தான் செய்ய முடியுமாம். அதனால் விடியற்காலையே எழுப்பிவிடுங்கள், வழியில் தூங்க விடாதீர்கள், இங்கே வந்துதான் தூங்க வேண்டும் என்றார்கள். உன் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அண்ணியும்தான் போனோம். லேடீஸ் பெட்டி. ஆவடி தாண்டுவதற்குள் அக்சாவுக்குக் கண் சொருக ஆரம்பித்தது. நான் கன்னத்தைத் தட்டுவதும் காலைக் கிள்ளுவதுமாக இருந்தேன். எதிரில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா இது, தூக்கத்துக்கு அலையுது கொயந்த, கிள்ளிக்கினு கீற? பெத்தவதானா நீ?"

"டெஸ்ட்டுக்குப் போறோம்கா" என்றார் அண்ணி. "அங்க போயிதான் தூங்கணுமாம். இங்க தூங்கிட்டா அங்க முயிச்சிக்கும்."

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதா! ஏய் பொண்ணுங்களா, இத்த தூங்க உடாதீங்கடி!"

பெட்டியே சேர்ந்துகொண்டது. ஒருத்தி வளையலைக் குலுக்கினாள். காலேஜ் பெண் ஒருத்தி போனில் பாட்டு வைத்து அவள் காதுகிட்டே பிடித்தாள். எது தெரியுமா? 'தண்டவாளம்'. யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். அக்சாவின் கண் மூடிக்கொண்டே போனது. காலேஜ் பெண் மட்டும் போனைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பூக்கார அம்மாவும் பார்த்தார்.

"காது டெஸ்ட்டாமா?"

"ஆமாங்க்கா."

வளையல் நின்றது. பூக்கார அம்மா கூடையில் கைவிட்டு ஈரப்பூவை எடுத்து அக்சாவின் மூக்குக்கிட்டே கொண்டுபோனார். அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். "பாத்தியா, வாசனைக்குத் திரும்பறா. கெட்டிக்காரி. நீ அயுவாத" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டெஸ்ட் ரூம் இருட்டாக, சின்னதாக இருந்தது. அக்சா என் மடியில் தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள், காதில் சின்னதாக ஏதோ மாட்டினார்கள். பழக்கதோஷம், நான் மெதுவாகத் தாலாட்ட ஆரம்பித்துவிட்டேன். டெஸ்ட் எடுக்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். "மேடம், பாட வேணாம். மெஷின்ல ஏறும்."

வாயை மூடிக்கொண்டேன். தொடையில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் காதில் மாட்டியதிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் கசிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். எனக்கே நன்றாகக் கேட்கிற அளவுக்குக் கூடியது. கடவுளே, முழித்துவிடக் கூடாது, முழித்தால் இன்னொரு நாள் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது. இன்னும் கூட்டினார்கள். அசையவில்லை. திரும்பவும் அப்பாடா. அப்புறம்தான் உறைத்தது, அண்ணா, நான் எதற்கு அப்பாடா சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். இரண்டு காதிலுமே கேட்கும் திறன் மிகக் குறைவு. பிறவியிலேயே. காதுக்குள் வைக்கிற மெஷின் போட்டுப் பார்க்கலாம், சில மாதம் பழக்க வேண்டும், அது போதவில்லை என்றால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். இப்போதாவது வந்தீர்களே என்றார். பிறகு, "வீட்ல பெரிய ஸ்பீக்கர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கு சார். வயித்துல இருக்கும்போதே எங்க அண்ணன் பக்கத்துல வெச்சு... அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பாக்ஸ் காதக் கெடுக்கல. உங்கள ஏமாத்திருக்கு, அவ்வளவுதான்."

உன்மேல் பழி இல்லை, அண்ணா. முதலில் அதைத்தான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னதும் எனக்கு எங்கிருந்து நிம்மதி வந்தது என்று தெரியவில்லை. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

மெஷினுக்காக அக்சாவின் காதில் பசை மாதிரி எதையோ வைத்து அளவு எடுத்தார்கள். திரும்பி வரும்போது சென்ட்ரலில் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி நாஷ்டாப் பொட்டலம் வாங்கி வந்தார், பிரிக்காமல் கையில் வைத்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல், "அண்ணன் இருந்திருந்தா மொதல் நாளே கண்டுபுடிச்சிருப்பான், அண்ணி. அவன் காது அப்படி" என்றேன்.

அண்ணி ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"உங்க அண்ணனா? அவருக்கே கேக்காது, எஸ்தரு."

நான் பொட்டலத்தை மடியிலேயே போட்டுவிட்டேன்.

"ஹேமர் ஷெட்ல, இரும்பு அடிக்கற எடத்துல நின்னு நின்னு போயிடுச்சி. சாதாரண சத்தமா அது? பஞ்சு வெச்சுக்கினாலும் மண்டைய பொளக்கும். மொதல்ல போன் பெல்லு கேக்கலன்னாரு. அப்பால குக்கர் விசிலு. நான் பேசசொல்ல வாயையே பாப்பாரு. அதான் இவ என் வாயப் பாத்தப்போ எனக்குப் பகீர்னுச்சி. அந்தப் பார்வய நான் அஞ்சாறு வருசம் பாத்திருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கம்பெனில தெரிஞ்சா லைன்ல இருந்து தூக்கிடுவான்னு என் தலைமேல அடிச்சி சத்தியம் வாங்கினாரு. அதுலயும் உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னாரு."

"நான் என்ன கம்பெனியா?"

"வரிசை போட மாட்டேன்னுடுவியாம்."

ரயில் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டோம். நான் கேட்க வேண்டியதை அண்ணியே சொல்லிவிட்டார், என்னைப் பார்க்காமல்.

"ஹெட்போன் டிபன் பையில இருந்துச்சி. சுத்தி வெச்சது சுத்தி வெச்ச மாதிரியே. லாரிக்காரன் அடிச்ச ஹார்னு அவருக்குக் கேக்கல. அவ்வளவுதான்."

"அம்மா பாட்டத் திட்டித் திட்டியே கிடக்கறாங்களே, அண்ணி. சொல்லியிருக்கலாமே."

"செவுடுன்னு தெரிஞ்சும் வேலைக்கு அனுப்புனவ நீதானேன்னு கேப்பாங்க. பாட்டு மேல பழி போட்டா பாட்டுக்கு நோவாதுல்ல."

அண்ணா, இப்போது உன்னிடம் நான் கேட்கிறேன். கடைசி வருடங்களில் உன் முதல் இடமெல்லாம் டம டம என்று மாறிப்போனதே, "உன் டேஸ்ட்டு மட்டமா பூடுச்சி, அரசியல் மீட்டிங் வண்டி மாதிரி" என்று நான் கிண்டல் செய்தேனே, அப்போது உனக்கு வலித்ததா? என் முதல் இடங்களை, அந்தப் புல்லாங்குழலையும் வயலினையும், பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாயே. உனக்கு என்ன கேட்டது? கேட்காத பாட்டுக்கா என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாய்? கருகின கல்கல் உனக்கே விழ வேண்டும் என்றுதான் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தாயா?

அம்மாவிடம் சொல்லிவிட்டோம். நானும் அண்ணியும் சேர்ந்து கடம்பத்தூர் போய்ச் சொன்னோம். கத்துவார் என்று அண்ணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா கத்தவில்லை. "அப்போ நான் ஒறைக்க ஒறைக்கக் கத்தனதெல்லாம் அவனுக்குக் கேக்கலியா?" என்றார். பிறகு அண்ணியை உட்காரச் சொல்லித் தட்டு வைத்தார்.

உன் மாப்பிள்ளைக்கு பாக்ஸைப் பார்த்தாலே ஆகவில்லை. "மொதல்ல இத்தத் தூக்கி வெளிய போடு" என்கிறார். எனக்கும் சில நேரம் உதைக்கலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அக்சா விடவில்லை. காலையில் எழுந்ததும் போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். போடு என்று கண்ணாலேயே சொல்கிறாள். நான் போடாமல் இருந்தால் பாக்ஸை அடிக்கிறாள். போன ஞாயிறு அண்ணிதான் எழுந்துபோய்ப் போட்டார். "கேக்கலன்னா இன்னா இப்போ? ஆடட்டும். ஆடறதும் அவளுதுதான்." அக்சா ஆடினாள். கூடவே அண்ணியும் அழுதுகொண்டே ஆடினார், உன்னைக் கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட ஆடாதவர்.

மெஷின் வந்துவிட்டதாம். வரும் வாரம் மாட்டப்போகிறார்கள். மாட்டியதும் அவளுக்கு என்ன கேட்கும், எவ்வளவு கேட்கும், கேட்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சில பிள்ளைகள் திடுக்கிட்டு அழுமாம். சில பிள்ளைகள் ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடுமாம். திரும்பாமல் போய்விட்டால்? நாளைக்கு ரோட்டில் நடக்கும்போது பின்னால் ஒரு லாரி வந்தால்? இதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம் அல்லவா.

முதலில் எதைக் கேட்க வைப்பது என்று இரண்டு நாளாக யோசித்தேன். 'ஈரத் துணி'யைத்தான் போட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெண் மூச்சு எடுக்கும் இடம் அவளுக்குக் கேட்டால் போதும் என்று இருந்தது. இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த வருடத்தின் முதல் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஸ்டாரையும் அதனால்தான் இன்னும் பரணிலிருந்து இறக்கவில்லை. உன் சட்டத்தில் இதற்கு இடம் கிடையாது, மன்னித்துக்கொள்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போனபோது டிபன் பையை மறந்து வைத்துவிட்டாய். கேட்டில் நின்று "அண்ணா" என்று கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை, நடந்துகொண்டே இருந்தாய். டேஸ்ட்டைக் கிண்டல் செய்ததற்குக் கோபம் போலிருக்கிறது என்று நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அம்மாதான் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை ஓடினார். நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன், அண்ணா.

அந்த மெஷினை அவள் காதில் மாட்டியதும் நான் பாட்டு போட மாட்டேன். அவள் பின்னால் போய் நிற்பேன். தரையில் உட்கார மாட்டேன், எதையும் தட்ட மாட்டேன். அக்சா என்று கூப்பிடுவேன். திரும்பினால் இந்த வருடத்தின் முதல் இடம் அதற்குத்தான். பாட்டுகளெல்லாம் அதற்குப் பிறகு, வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல்.

திரும்பாவிட்டால் கோபித்துக்கொண்டு உள்ளே போக மாட்டேன். மறுபடி கூப்பிடுவேன். அவள் முன்னால் வந்து, என் வாயைப் பார்க்கும்படி நின்று கூப்பிடுவேன். திரும்புகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

உன்னை இன்னொரு தடவை கூப்பிட்டிருக்க வேண்டிய தங்கச்சி,
அக்சாவின் அம்மா,
எஸ்தர்.